மூன்றாவது வரிசை, மூன்றாவது பை

அந்த நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டது அவள்தான், வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை. மத்தியானம் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திவிட்டு, ஹாலில் நாலு பக்கமும் நின்று பார்த்து, ஜன்னல் பக்கம் போட்டால் வெயில் முகத்தில் அடிக்கும், டிவி பக்கம் போட்டால் டிவியைத்தான் பார்ப்பார்கள், இப்படிப் போட்டால்தான் உட்கார்ந்த ஆள் தலையைத் தூக்கியதும் நேரே கண்ணில் படும் என்று கணக்குப் பண்ணி, பாக்கியசீலி தன் கையாலேயே இழுத்துப் போட்ட நாற்காலி. இப்போது அதில் சொர்ணபாய் மைனி உட்கார்ந்திருக்கிறாள். தலையையும் தூக்கிவிட்டாள். புருஷனுடன் கூடப்பிறந்த ஒரே அக்காள், ஒன்பது வருஷமாக இந்த வாசல்படியை மிதிக்காதவள், இன்றைக்கு வந்து ஒரு தம்ளர் தண்ணீரைக் குடித்து, "நல்லா இருக்கே இது, நீயா செஞ்ச?" என்று கேட்டு, தம்ளரை நீட்டினாள். தம்ளரை வாங்கிக்கொண்டு பாக்கியசீலியும் அதே சுவரைத் திரும்பிப் பார்த்தாள், கொஞ்சம் பெருமையாகத்தான் பார்த்தாள், அந்தப் பெருமைக்குத்தான் இது. நேற்று வந்த புதுக் கண்ணாடி மூக்கில் இருந்தது. சுவரில் தொங்குகிற, பழைய கல்யாணக் கார்டுகளை வெட்டிப் பை பையாக ஒட்டிய அந்த அட்டையில், மேலிருந்து மூன்றாவது வரிசையில், மூன்றாவது பையின் நெற்றியில், தங்க எழுத்தில் ஜெபசிங் – ஹெப்சிபா என்று இருந்தது. ஆண்டவரே என்றாள். சத்தம் வரவில்லை.

ஹெப்சிபா மைனியின் மகள். ஒரே மகள். அவள் கல்யாணத்துக்குத்தான் இந்த வீட்டிலிருந்து யாரும் போகவில்லை, தாய்மாமன் இல்லாமலே அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் நடந்தது, ஏனென்றால் கார்டு வரவில்லை. தபால்ல அனுப்புனேன் என்று மைனி சொன்னாள். வரல என்று இவள் புருஷன் ஞானதுரை சொன்னார். அனுப்பாம இருப்பனா என்று அவள் தன் ஊர் நாசரேத்து முழுக்கச் சொன்னாள். வந்திருந்தா போகாம இருப்பனா என்று இவர் பாளையங்கோட்டை முழுக்கச் சொன்னார். கடைசியில் பாஸ்டர் ஐயா வீட்டு வராந்தாவில் வைத்து, நாலு பேர் பார்க்க, "கார்டு எங்க வீட்டுக்கு வந்திருந்தா இந்த மீசைய எடுத்துட்டு பஸ் ஸ்டாண்டுல நிக்கேன்" என்று ஞானதுரை சத்தியம் பண்ணினார். பஸ் ஸ்டாண்டில் முப்பத்தொரு வருஷம் டைம்கீப்பராக இருந்தவர் அவர். எந்த பஸ் எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதி எழுதிப் பழகிய மனுஷன், ஒன்றைச் சொன்னால் எழுதி வைத்தது மாதிரி. அந்த மீசையும் லேசுப்பட்ட மீசை இல்லை, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகுமுன் அதற்கென்று தனிச் சீப்பு. அந்தச் சீப்பை அவள் எதற்குள் போட்டு வைத்தாள். இப்போது சீப்பு எதற்கு நினைவுக்கு வருகிறது. கார்டு வந்திருக்கிறது ஆண்டவரே, கார்டு இந்த வீட்டுக்குள்ளேயே ஒன்பது வருஷமாக இருந்திருக்கிறது, அதை நான் வெட்டி, மைதா பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டு, அழுத்தி ஒட்டியிருக்கிறேன், பிய்த்தாலும் வராது.

கண்தான் காரணம் என்று சொல்லலாமா. வலது கண்ணில் புரை எடுத்து, புதுக் கண்ணாடி வருகிற வரையில் ஒரு மாதம் பேப்பர் படிக்கக் கூடாது, டிவி பார்க்கக் கூடாது, அடுப்பில் குனியக் கூடாது என்று டாக்டர் வரிசையாகச் சொன்னார். வெட்டி ஒட்டக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. கோயம்புத்தூரிலிருந்து மகள் பிரிசில்லா போனில் அனுப்பியிருந்த வீடியோவை அவள் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டாள், அதில் ஒரு பெண், வீட்டில் சும்மா கிடக்கிற கல்யாணக் கார்டுகளை வைத்து அழகான சுவர்ப் பை செய்யலாம், சாவி, பில், மாத்திரைச் சீட்டு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும், ரொம்ப ஈஸி என்று சொன்னாள். ரொம்ப ஈஸி. பாக்கியசீலிக்கு எட்டாங்கிளாஸ்தான் படிப்பு, ஆனால் கையில் ஒரு கத்தரிக்கோலும் பசையும் இருந்தால் அவளுக்கு எதுவும் ஈஸிதான். இந்த வீட்டில் ஷாம்பு பாட்டிலை வெட்டி செல்போன் தொங்கவிடுகிற பை உண்டு, பழைய வளையலில் கம்பளி நூல் சுற்றி ஸ்கிரீன் கட்டுகிற வளையம் உண்டு, ஐஸ் குச்சியில் கோபுரம் உண்டு, அதற்குள் தீப்பெட்டி. ரிப்பன் ரோஜா ஒட்டிய பவுடர் டப்பாவில்தான் அவருடைய ஷேவிங் சாமான் எல்லாம் இருக்கிறது, இன்றைக்கு மத்தியானம்தான் ஹாலை ஒதுக்கும்போது இடம் மாற்றினாள், போன தடவை மாற்றினபோது அது தெரியாமல் ஒரு வாரம் தாடியோடு திரிந்தார், கேட்க வெட்கம். "இந்த வீட்டுல ஒரு டப்பாவத் தொறந்தா டப்பாவுல எழுதியிருக்கது இருக்காது, எதுக்குள்ள எது இருக்குன்னு ஒனக்கும் ஆண்டவருக்குந்தான் தெரியும்" என்பார். ஆண்டவருக்குத் தெரிந்திருக்கிறதே. ஒன்பது வருஷமாகத் தெரிந்திருக்கிறதே. அவருக்குத் தெரிந்தும் அவர் ஒரு வார்த்தை, ஒரு சொப்பனத்திலாவது, சீலி, அந்தக் கட்டைப் பிரித்துப் பார் என்று சொல்லியிருக்கலாம். இல்லை, அப்படி நினைக்கக் கூடாது. மன்னியும்.

கட்டு என்றால், கல்யாணக் கார்டு ஒன்றையும் அவள் எறிந்ததில்லை. வேத வசனம் அச்சடித்த தாளைக் குப்பையில் போட மனசு வராது, எரிக்கவும் வராது, அதனால் கட்டிலுக்கு அடியில் ஒரு சூட்கேஸ், அதில் இருபத்தைந்து வருஷத்துக் கல்யாணங்கள். அந்த வருஷம், ஆமாம், அந்த ஐப்பசி மழை, தபால்காரர் வாசலில் எறிந்துவிட்டுப் போன கட்டு தொப்பலாக நனைந்து கிடந்தது, அவள்தான் எடுத்து மெத்தைக்கு அடியில் போட்டுப் படுத்துக் காய வைத்தாள். காய்ந்ததும் மேலே இருந்த கவரைப் பார்த்தாள், பண்ணைவிளைக் கல்யாணம், சரி என்று சூட்கேஸில் போட்டாள். நல்ல கனமான கார்டு என்றுகூட நினைத்தாள், வசதியான இடத்தில்தான் சம்பந்தம் பண்ணியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். போன வாரம் அதை இட்லிச் சட்டி ஆவியில் காட்டிப் பிரித்தபோதுதான் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது இரண்டு கார்டு என்று தெரிந்தது. ஒரு பை குறைகிறதே, பதினொன்றுதான் வருகிறதே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தவளுக்குப் பன்னிரண்டாவது பை. அந்த இடத்திலேயே, ஆவி பறக்க, கையைத் தூக்கி ஸ்தோத்திரம் சொன்னாளே. கண்ணுக்கு எழுத்து தெரியவில்லை, தங்கம் மின்னுவது மட்டும் தெரிந்தது, மின்னின இடத்தைச் சதுரமாக வெட்டினாள். அந்த ஸ்தோத்திரத்தை இப்போது திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா. சொன்னது சொன்னதுதானே.

"டேனியல் ராஜசிங், வயலா" என்று மைனி சத்தமாக வாசித்தாள். மைனி வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். முதல் வரிசை முதல் பை. "ஏளா, இந்த வயலா நம்ம பண்ணைவிளை சுகிர்தம் மகளா?" ஆமா மைனி. "மோதிரத்த வீட்டுல வச்சுட்டு வந்துட்டு, பாஸ்டரம்மா தன் மோதிரத்தக் கழத்திக் குடுத்துக் கல்யாணம் முடிச்சாங்களே." ஆமா மைனி. "அது அந்தம்மாவுக்குத் திரும்பக் கெடச்சுதா?" தெரியல மைனி. மைனி சிரித்தாள். மைனியின் சிரிப்பை இந்த ஹால் கேட்டு எத்தனை காலம், முன்வரிசைப் பல் ஒன்று போயிருக்கிறது, அது எப்போது போனதென்று இவளுக்குத் தெரியாது, ஒன்பது வருஷத்தில் ஒரு பல் போயிருக்கிறது, அண்ணாச்சி போயிருக்கிறார், மைனியின் புருஷன், ஆசீர்வாதம் அண்ணாச்சி, அவர் அடக்கத்துக்குக்கூட இவர் கல்லறைத் தோட்டத்தின் வெளிக்கேட்டில் நின்றுவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் திரும்பி வந்தார். வந்து அன்றைக்கு முழுக்கக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டே இருந்தார், அது பாட்டரிக் கடிகாரம் இல்லை, பழைய சாவிக் கடிகாரம், ஸ்பிரிங் அறுந்துவிட்டது. இப்போது எல்லாம் சரியாகிற நேரம். போன மாதம் கோயில் அசனத்தில், ஊரே தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்தில், மைனி கறிவாளியோடு வந்தாள், தம்பி இலைக்கு முன்னால் நின்றாள், முகத்தைப் பார்க்கவில்லை, அகப்பையை ஒரு தடவைக்கு இரண்டு தடவை விட்டாள். "ரெண்டு துண்டு கூடுதலா விழுந்துச்சு" என்று வீட்டுக்கு வந்து அவர் சொன்னார். மறுநாள் காலையிலும் சொன்னார். பிறகு மைனியிடமிருந்து ஆள் மூலம் சேதி வந்தது, வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு வாரேன். அவர் நாலேகாலுக்கே பஜாருக்குக் கிளம்பினார், அக்காவுக்கு மஸ்கோத்து அல்வா பிடிக்கும், சரியா அஞ்சுக்கு வந்துருவேன் என்று. மைனி நாலே முக்காலுக்கு வந்துவிட்டாள்.

"கிதியோன், ஜாஸ்மின் சுமதி. இது யாரு?" இரண்டாவது பை. அவள் சொன்னாள், மெஞ்ஞானபுரம் மைனி, மாப்பிள்ள வெயில்ல வந்து மயங்கி விழுந்தானே. "அவனா, இப்ப நாலு பிள்ள." மூன்றாவது பை, நாலாவது பை. ஒரு கல்யாணத்துக்கு ஒன்றரை நிமிஷம் வீதம் போனால் பதினொன்றாவது கல்யாணத்துக்கு வர பதினைந்து நிமிஷம், அப்போது மணி அஞ்சு, அப்போது ஸ்கூட்டர் சத்தம், அல்வாப் பொட்டலத்தோடு அவர் உள்ளே வருவதும் அக்காள் தன் மகள் பெயரை வாசிப்பதும் ஒரே நிமிஷத்தில் நடக்கும், டைம்கீப்பர் எழுதி வைத்த மாதிரி. கரண்ட் போகட்டும் ஆண்டவரே. சாயங்கால வெயில் பளீரென்று அடிக்கிறது, கரண்ட் போனால் ஃபேன்தான் நிற்கும், பாவம் மைனிக்கு வேர்க்கும், வேண்டாம். டீ போடட்டுமா மைனி. "தம்பி வரட்டும்ளா, சேந்து குடிப்போம்." சேர்ந்து குடிப்போம் என்கிறாள். இந்த வார்த்தைக்காக அவள் எத்தனை வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்திருக்கிறாள், அந்தக் குடும்பத்தையும் இந்தக் குடும்பத்தையும் ஒட்ட வையும் ஆண்டவரே என்று. ஒட்ட வையும் என்று சொன்னதை அவர் இப்படி எடுத்துக்கொண்டாரோ. "யோசுவா, மேபல் ராணி" என்று மைனி இரண்டாவது வரிசைக்கு வந்துவிட்டாள். "இது யாருளா?" தெரியலயே மைனி. "தெரியாதவங்க கல்யாணத்துக்கா போனீங்க?" போனோம் மைனி, குக்கர்கூடக் குடுத்தோம், யாருன்னு இன்னும் தெரியல. மைனி தொடையில் தட்டிச் சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், தெரியாதவங்களுக்கு குக்கர், என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், பிறகு சிரிப்பு எங்கேயோ போய்த் தட்டி நின்றது. தெரியாதவன் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள், குக்கர் கொடுத்திருக்கிறார்கள். என் மகள் கல்யாணத்துக்கு வரவில்லை. மைனி அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் அடுத்த பைக்கு நகர்ந்தாள்.

எழுந்து போய் மறைத்துக்கொண்டு நின்றால் என்ன. பாக்கியசீலி எழுந்தாள், சுவருக்கு முன்னால் போய், சேலை முந்தானையைச் சரி பண்ணுகிற மாதிரி நின்றாள். அவள் குட்டைதான், ஆனால் மூன்றாவது வரிசை இடுப்புக்கு நேராக வருகிறது, இடுப்பு அகலம் போதும், பிள்ளை இரண்டு பெற்ற இடுப்பு, இப்படி ஒரு உபயோகம் வருமென்று யார் கண்டது. பின்னால் அட்டையின் முனை முதுகில் குத்தியது. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி, நல்ல உறுதி. "ஏன் நிக்க, உக்காரு." இல்ல மைனி, உக்காந்து உக்காந்து கால் மரத்துப் போச்சு. "கொஞ்சம் தள்ளு, கீழ மறைக்க." பாக்கியசீலி இந்தப் பக்கம் ஒரு அடி தள்ளினாள், மூன்றாவது வரிசையில் முதல் பை தெரிந்திருக்கும். அந்தப் பக்கம் தள்ளினால் நாலாவது தெரியும். நடுவில் இரண்டு பை அவளுடைய பின்னால் இருக்கின்றன, ஜெபசிங்கும் ஹெப்சிபாவும் அவள் முதுகில் பொண்ணு மாப்பிள்ளையாக நிற்கிறார்கள். ஜெபசிங் எப்படி இருப்பான், நிச்சயதார்த்தத்தில் பார்த்தது, நல்ல உயரம். பொய் சொல்லவில்லை, நிற்கிறேன், அவ்வளவுதான். நிற்பது பொய்யா. வாயைத் திறந்து சொன்னால்தான் பொய் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்களா, இடுப்பால் சொல்வதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே.

"சரி விடு" என்றாள் மைனி. "எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு சீலி. போகும்போது கழத்தித் தா, எங்க வீட்டு ஹால்ல மாட்டுதேன். நீ ஒனக்கு வேற செஞ்சுக்கோ. மீதிய வீட்டுல உக்காந்து நிதானமா வாசிச்சுக்கிடுதேன், எனக்கும் பொழுது போக வேண்டாமா." கேட்டதும் பாக்கியசீலிக்கு முதலில் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. தப்பித்தோம். இப்போது வாசிக்கப் போவதில்லை. அவர் வருவார், அல்வா சாப்பிடுவார்கள், டீ குடிப்பார்கள், ஜெபம் பண்ணுவார்கள், பழைய செய்தித்தாளில் சுற்றி நானே கொடுத்துவிடுவேன், கொடுக்கும்முன் சமையலறையில் வைத்து அந்தப் பெயர் மேல் ஒரு பூ ஒட்டிவிடலாம், சாட்டின் ரிப்பன் இருக்கிறது, பசை இருக்கிறது, ஒரு ரோஜா, இரண்டு இலை, ரொம்ப ஈஸி. ரோஜா உதிர எத்தனை நாள் ஆகும். பவுடர் டப்பா ரோஜா நாலு மாதத்தில் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. அந்த வீட்டு ஹாலை அவள் நினைத்துப் பார்த்தாள், அண்ணாச்சியின் படம் இருக்கும், மகள் கட்டிக் கொடுத்த இடத்தில் இருப்பாள், மைனி தனியாக நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். ஒருநாள் ரோஜா விழும். சிரிக்கவோ சண்டை போடவோ பக்கத்தில் ஆள் இருக்காது. வந்த கார்டை வைத்துக்கொண்டுதான் வராமல் இருந்தார்கள், அதை வெட்டிப் பையும் செய்தார்கள், மேலே பூவும் ஒட்டித் தந்தார்கள் என்று அந்தத் தனி வீட்டில் அவளாக ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போவாள். பாக்கியசீலியின் கால் தானாகவே நகர்ந்தது. மீசை போனால் மயிர்தானே ஆண்டவரே, வளரும்.

"மைனி, அந்த மூணாவது வரிச மூணாவது பைய நீங்க தனியா வாசிக்க வேண்டாம். நான் வாசிக்கேன்" என்றாள். திரும்பினாள். கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டாள். "ஜெபசிங், ஹெப்சிபா." சபையில் எழுந்து நின்று வேதத்து நிருபம் வாசிக்கிற குரல் வந்தது, ஏனென்றால் வேறு குரல் கிடைக்கவில்லை. பிறகு நிறுத்த முடியவில்லை, மழை, மெத்தை, பண்ணைவிளைக் கார்டோடு ஒட்டிக்கொண்டது, இட்லிச் சட்டி, கண், ஸ்தோத்திரம் சொன்னது வரைக்கும் சொல்லிவிட்டாள். "அவுக மேல தப்பில்ல மைனி, அவுக கண்ணுல அது படவே இல்ல, நாந்தான். கார்டு வந்துது. நீங்க அனுப்புனீங்க, அது வந்துது." மைனி எழுந்து வந்தாள். ஆணியிலிருந்து அட்டையைத் தூக்கிக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள், பிள்ளையை வைத்துக்கொள்கிற மாதிரி. மேல் வரிசையிலிருந்து ரேஷன் கார்டு நழுவி விழுந்தது. அடிக்கப் போகிறாள். எழுந்து போகப் போகிறாள். மூன்றாவது பைக்குள் விரலை விட்டு இருமல் மாத்திரை அட்டையை எடுத்துத் தரையில் வைத்தாள், பையை விரித்து உள்ளே பார்த்தாள். கவரையே உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மடித்துச் செய்த பை, அது பாக்கியசீலியின் சொந்த யோசனை, வீடியோவில் இல்லை. மைனி பையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டினாள், உள்ளே பால்பேனாவில் விலாசம் இருந்தது.

"இது அவரு எழுத்து" என்றாள் மைனி. யாரு எழுத்து மைனி. "அண்ணாச்சி எழுத்துளா. ஞானதுரைக்கு ‘ஞா’ போட்டிருக்கத பாரு, வால் மூணாவது வீட்டு வரைக்கும் போவுது." பாக்கியசீலி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். விலாசத்துக்குக் கீழே சின்னதாக ஒரு வரி, மச்சான், அவசியம் வரணும், உன் அக்கா ரொம்ப ஆசைப்படுகிறாள். மைனி அந்த வரியை ஒருதரம் வாசித்தாள், மறுபடி வாசித்தாள். "நான் அனுப்பவே இல்லளா" என்றாள். பாக்கியசீலிக்குப் புரியவில்லை. "ஒங்க வீட்டுக் கார்ட நான் தையல் மெஷின் டிராயர்ல போட்டுப் பூட்டினேன். நிச்சயத்தன்னிக்கு மாப்பிள்ள வீட்டாரு வந்து எறங்குனதும் ஒன் புருஷன் வாசல்ல நின்னு வாட்சக் காட்டி, முப்பத்தஞ்சு நிமிஷம் லேட்டுன்னானே, ஞாபகம் இருக்கா. சம்பந்தி மூஞ்சி எப்படிப் போச்சு. அந்த ஆத்திரம். கார்டு இல்லன்னா என்ன, தாய்மாமன் ஓடி வரட்டும், வந்து நிக்கட்டும்னு நெனச்சேன். வரல. பெறவு எல்லாரும் கேக்க ஆரம்பிச்சதும் அனுப்புனேன்னு சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம் எப்படி மாத்த." அப்படியானால் மைனி சொன்னது பொய், ஆனால் கார்டு வந்தது. இவர் சொன்னது உண்மை, ஆனால் கார்டு வந்தது. பாக்கியசீலி அதைப் பிடித்து நேராக்கிப் பார்த்தாள், ஒரு பக்கம் நேரானால் மறுபக்கம் சுருண்டது. அண்ணாச்சி டிராயரைத் திறந்து எடுத்து யாருக்கும் தெரியாமல் தபாலில் போட்டிருக்கிறார். அனுப்பினேன் என்று பெண்டாட்டி சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறார். "தாந்தான் போட்டேன்னு அவரு சொன்னா நான் சொன்னது பொய்யின்னு ஆயிரும்லா" என்றாள் மைனி, அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே. "ஆறு வருஷம் கூட இருந்தாரு அதுக்கப்புறம். ஒத்த வார்த்த சொல்லல அந்த மனுஷன். நான் ஆசப்படுதேன்னு எழுதியிருக்காரு பாரு. எனக்கே தெரியல, இவருக்கு எப்படித் தெரிஞ்சுது." கண்ணாடிக்குள் பாக்கியசீலிக்கு எல்லாம் ஆபரேஷனுக்கு முந்தின மாதிரி மங்கிப்போனது. அழக் கூடாது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார்.

"நல்லாத்தான் ஒட்டியிருக்க" என்று மைனி விரலால் அந்தப் பெயரைத் தேய்த்துப் பார்த்தாள். "என்ன பசை?" மைதாதான் மைனி, மயில்துத்தம் போட்டது. "எடுக்க வராதோ?" வராது மைனி. "நல்லது" என்றாள் மைனி. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மீச விஷயம் ஒண்ணு உண்டே" என்றாள். அது இவள் வாயில் வராமல் இருந்தது, மைனியே சொல்லிவிட்டாள், சொன்னதும் இரண்டு பேருக்கும் தோள் குலுங்க ஆரம்பித்தது, அழுகைதான் என்று முதலில் நினைத்தார்கள். வாசலில் ஸ்கூட்டர் நின்றது. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, மணி அஞ்சு.

ஞானதுரை வாசலில் செருப்பைக் கழற்றினார். அக்காள் உள்ளே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு சொல்ல வேண்டிய முதல் வார்த்தையைப் பஜார் போகிற வழியெல்லாம், திரும்பி வருகிற வழியெல்லாம் யோசித்து வைத்திருப்பார், பாவம். அது வரவில்லை, பழகின வார்த்தைதான் வந்தது. "அஞ்சுன்னுல்லா சொல்லிவிட்ட. முன்னாலயே வந்துட்டியா அக்கா." மைனி எழுந்தாள். அட்டையை இரண்டு கையாலும், கல்யாணத்துக்கு அழைக்கிறவர்கள் தட்டை நீட்டுகிற மாதிரி நீட்டினாள். "தம்பி, ஹெப்சிபாவுக்குக் கல்யாணம். ஒனக்குக் கார்டு வந்திருக்கு. ஒம்போது வருஷம் லேட்டு, எழுதிக்கோ." அவர் அல்வாப் பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாங்கினார், மூன்றாவது வரிசையில் அக்காள் தொட்டுக் காட்டிய இடத்தை வாசித்தார், பைக்குள்ளே எட்டிப் பார்த்து அதையும் வாசித்தார். வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய இடது கை மெல்ல எழும்பி மீசையைப் பொத்திக்கொண்டது. பொத்தின கைக்குப் பின்னாலிருந்து, "அத்தான் எழுத்தா" என்று கேட்டார். அக்காள் தலையாட்டினாள். "ஷேவிங் சாமான் எங்களா இருக்கு?" என்று அவர் பெண்டாட்டியைக் கேட்டார், சொன்ன சொல் சொன்ன சொல்தான் என்று நிற்கிற மனுஷன். பாக்கியசீலி மைனியைப் பார்த்தாள். மைனி கூரையைப் பார்த்தாள். அலமாரிக்கு மேலே, ரிப்பன் ரோஜா ஒரு பக்கம் தூக்கிக்கொண்ட பவுடர் டப்பா அவர் தலைக்கு நேராக இருந்தது. எதுக்குள்ள எது இருக்குன்னு எனக்கும் ஆண்டவருக்குந்தானே தெரியும், என்று நினைத்துக்கொண்டாள். ஆண்டவர் ஒன்பது வருஷம் சொல்லாமல் இருந்தாரே, அவள் ஒரு சாயங்காலம் சொல்லாமல் இருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். "தேடித்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, மூன்று தம்ளர் எடுத்துக்கொண்டு டீ போடப் போனாள்.